விற்றுத் தீர்ந்த வெண்ணெய்க்கு வரும் பரிசோதனை அறிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்ணெய் மாதிரிகள் தரப் பரிசோதனையில் தேறவில்லை, தயாரித்த நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்னும் வகைச் செய்திகள் நாளிதழ்களின் உள்பக்கங்களில் நான்கு வரிகளில் வந்து மறைவதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். பணியில் இருந்த ஆண்டுகளின் பெரும்பகுதியை உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில், அதிலும் பால் பொருள்களைச் சோதிக்கும் மேசையில் கழித்தவன் என்ற முறையில், அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, எது நடக்காமல் போகிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறேன். என் மனக்குறை ஒன்றுதான். உணவுத் தூய்மைச் சட்டங்கள் வெண்ணெயைப் பொறுத்தவரை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை கையை நீட்டும் நேரத்தில், குற்றத்துக்குரிய வெண்ணெய் விற்று, உண்டு, தீர்ந்து போயிருக்கிறது.

வெண்ணெயின் தரம் இன்னது என்பதில் மறைபொருள் எதுவும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் 1971-இல் ஏற்படுத்திய தரநிலையின்படி, வெண்ணெயில் பால் கொழுப்பு எடையில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொழுப்பு நீங்கலான பால் திடப்பொருள்கள் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பல நாடுகளின் சட்டங்கள் இதே எண்களையோ இவற்றை ஒட்டிய எண்களையோ ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இவை நேற்று பிறந்த எண்களும் அல்ல. பிரிட்டன் 16 சதவீத நீர் வரம்பை 1902-இலேயே விதியாக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் 1923 மார்ச் 4 அன்று இயற்றிய சட்டம், வெண்ணெய் என்பது பாலிலிருந்தோ பாலேட்டிலிருந்தோ மட்டுமே செய்யப்பட்டு, 80 சதவீதத்துக்குக் குறையாத பால் கொழுப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சிறிய தொடர் உண்டு. அளவில் நேரும் ஏற்றத்தாழ்வுக்கான சலுகைகள் அனைத்தும் கணக்கில் கொள்ளப்பட்ட பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். சட்டம் படிக்காதவனான எனக்கு அந்த வரி தரும் மனநிறைவை எளிதில் விளக்க முடியாது. ஆய்வுக்கூடத்து முடிவு 79.4 என்று வந்தால், இயந்திரத்தில் ஏற்றத்தாழ்வு, மாதிரி எடுத்ததில் வேறுபாடு, சோதனை முறையில் இயல்பான பிழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அரை சதவீதத்தைக் கரைத்துவிடும் வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தொடர் அந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. ஏற்றத்தாழ்வு உங்கள் இயந்திரத்தில் இருந்தால், அதற்கு ஏற்றபடி 80-க்குச் சற்று மேலேயே குறி வைத்துத் தயாரியுங்கள். தவறினால் நட்டம் தயாரிப்பவருடையது, வாங்குபவருடையது அல்ல என்பதே அதன் உட்பொருள். 80 என்ற எண்ணைக் குறைந்தபட்ச அளவாக மதிக்க வேண்டிய தொழிற்சாலைகள், அதையே எட்ட வேண்டிய உச்சமாகக் கருதி, கீழே சறுக்கும்போதெல்லாம் சலுகை கேட்பது முறையல்ல.

இந்தச் சறுக்கல் எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு தொழிற்சாலையில் ஒரு நாளில் 8,000 கிலோ பால் கொழுப்பு வெண்ணெயாகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத்தில் அது 10,000 கிலோ வெண்ணெய். அதே கொழுப்பை 76 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டால் சுமார் 10,526 கிலோ கிடைக்கும். கூடுதலாக வந்த அந்த 526 கிலோவில் ஒரு துளிக் கொழுப்புகூடப் புதிதாகச் சேரவில்லை. சேர்ந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அரை கிலோ பொட்டலம் வாங்குபவருக்கு 400 கிராம் கொழுப்புக்குப் பதிலாக 380 கிராம் போய்ச் சேர்கிறது. அவர் இழப்பது 20 கிராம்தான் என்பதால் அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்பதனாலேயே இதைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் அரசின் தோளில் விழுகிறது. எடைக்கல்லில் குறை வைத்தால் அளவை ஆய்வாளர் வருகிறார். எடை சரியாக இருந்து உள்ளடக்கத்தில் குறை வைத்தால் அது ஏன் அதைவிட இலேசான குற்றமாகப் பார்க்கப்படுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெரும்பாலும் சொல்லப்படும் பதில், தரம் குறைந்த வெண்ணெய் உடலுக்குத் தீங்கானதல்ல என்பது. பாதுகாப்பற்ற உணவு என்றால் சிறைத் தண்டனை வரை போகும்; தரம் குறைந்தது என்றால் அபராதத்தோடு முடியும். இந்தப் பாகுபாடு கொள்கையளவில் நியாயமானதே. ஆனால் வெண்ணெயில் கூடுதலாகப் புகும் தண்ணீர் முற்றிலும் தீங்கற்றது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நன்றாகக் கடைந்து, சரியாகப் பிசைந்து எடுத்த வெண்ணெயில் நீர் மிக நுண்ணிய துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறி அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு துளியும் தன்னந்தனியே அடைபட்டிருப்பதால், அதற்குள் சிக்கிய கிருமிகள் பெருகுவதற்கு இடமும் உணவும் கிடைப்பதில்லை. வெண்ணெய் நாள்பட நிற்பதற்கு உப்பும் குளிரும் எவ்வளவு காரணமோ, அந்தச் சிதறலும் அவ்வளவு காரணம். அளவுக்கு மேல் தண்ணீரைத் திணித்த வெண்ணெயைக் கத்தியால் அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தில் வியர்வைபோல் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். சற்று நேரம் விட்டால் தாளில் ஈரம் படரும். அப்படி ஒன்றுகூடிய துளிகளில் பூஞ்சைக்கும் கிருமிக்கும் வாழ வசதி பிறக்கிறது. காறல் வாடையும் சீக்கிரம் வந்துவிடுகிறது. தரக்குறைவுக்கும் பாதுகாப்பின்மைக்கும் நடுவில் சட்டம் போட்டிருக்கும் கோடு தாளில் இருக்கும் அளவுக்கு வெண்ணெய்க்குள் தெளிவாக இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, தரம் குறைந்தது என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு செயல்கள் ஒளிந்துகொள்வது. ஒன்று, மேலே சொன்ன தண்ணீர். இன்னொன்று, பால் கொழுப்புக்குப் பதிலாக வேறு கொழுப்பைச் சேர்ப்பது. பிரான்சில் இப்போலீத் மேஜ்-மூரியே 1869-இல் மார்கரினைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, வெண்ணெயைப் போலத் தோன்றி வெண்ணெயை விட மலிவாக அடங்கும் கொழுப்பு வணிகர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து வருகிறது. மார்கரினை மார்கரின் என்று சொல்லி விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அதை வெண்ணெய்க்குள் கலந்து வெண்ணெய் என்று விற்பது ஏமாற்று. பரிசோதனை அறிக்கையிலோ, இரண்டுமே வரையறுத்த தரத்துக்குப் பொருந்தவில்லை என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடக் கூடும். இயந்திரத்தில் நீரளவு தவறிய தொழிற்சாலையும், வேறு கொழுப்பை வேண்டுமென்றே வாங்கி வந்து கலந்த தொழிற்சாலையும் ஒரே தட்டில் நிறுத்தப்படுவது நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இழைக்கும் அநீதி.

கலப்பைக் கண்டறிவது எளிதல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பால் கொழுப்பில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் பியூட்ரிக் அமிலம் உண்டு. 1879-இல் ரைச்சர்ட் வகுத்து, பின்னர் மைஸ்ல் திருத்திய சோதனை இந்த அமிலத்தைத்தான் தேடுகிறது. உருக்கி வடித்த 5 கிராம் கொழுப்பைக் கிளிசராலும் காரமும் சேர்த்துத் தெளியும்வரை சூடாக்கி, அமிலம் விட்டு, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் 110 மில்லிலிட்டர் வடிநீர் இறங்கும்படி தீயை அடக்கிப் பிடித்து, அதிலிருந்து 100 மில்லிலிட்டரை எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு இளஞ்சிவப்பு நிறம் நிற்கும் கணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குச் செலவாகும் காரத்தின் அளவைத்தான் ஓர் எண்ணாகச் சொல்கிறோம். பால் கொழுப்புக்கு இந்த எண் பொதுவாக 24-க்கும் 34-க்கும் இடையில் வரும்; பனை எண்ணெய்க்கும் விலங்குக் கொழுப்புக்கும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் கறவையும் தீவனமும் பருவமும் மாறும்போது பால் கொழுப்பின் எண்ணே மாறுகிறது. 31 என்ற எண்ணுடைய நல்ல கொழுப்பில் பத்தில் ஒரு பங்கு பனை எண்ணெயைக் கலந்தால், எண் 28-க்கு இறங்கும். அதுவும் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. இந்த இடைவெளியை நன்கு அறிந்தவர்கள் அதற்குள்ளேயே கலக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு சோதனையை நம்பி வெண்ணெய்க்குச் சான்று கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். வாயு நிறப்பகுப்பியல் கருவி கொண்டு கொழுப்பின் உள்ளமைப்பைப் பார்ப்பதும், தாவரக் கொழுப்பில் மிகுந்தும் பால் கொழுப்பில் இல்லையென்றே சொல்லத்தக்க அளவிலும் உள்ள பீட்டா-சிட்டோஸ்டிராலைத் தேடுவதும் புதிய முறைகள் அல்ல. கருவியும் பயிற்சி பெற்ற கையும் இருந்தால் போதும். கருவி வாங்கப்பட்டு, அதை இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய், உறை போர்த்தி வைக்கப்பட்ட நிலையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முன்னோர் இதற்கு ஓர் எளிய வழியும் கண்டிருந்தார்கள். ஜெர்மனி 1897-இல் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் மார்கரினில் நல்லெண்ணெய் கட்டாயமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்றாயிற்று. இந்தியாவிலும் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்லெண்ணெய் சிறிதளவு இருந்தாலும் பர்பியூரால் என்னும் வேதிப்பொருளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் செந்நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதனால், போலியாகப் பயன்படக்கூடிய பொருளுக்குள்ளேயே ஓர் அடையாளத்தை அரசு வைத்தது. குற்றம் நடந்த பிறகு துரத்துவதைக் காட்டிலும், நடந்தால் தானே வெளிப்படும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்த அந்தச் சிந்தனை இன்றைய அமலாக்கத்தில் அருகிவிட்டது.

இனி மாதிரியின் கதைக்கு வருகிறேன். வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் உயிர் விடுகின்றன. ஒருமுறை எங்கள் மேசைக்கு வந்த கண்ணாடிக் குப்பியின் மூடி ஒரு சுற்று தளர்ந்திருந்தது. வெண்ணெய் வழியில் இளகி, மீண்டும் இறுகியிருந்தது. குப்பியின் தோளில் நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. அடியிலோ மஞ்சள் நிறக் கொழுப்பும் தெளிந்த நீரும் பிரிந்து நின்றன. முறைப்படி மெல்ல இளக்கி, ஒருசீராகும்வரை குலுக்கி, தட்டில் எடைபோட்டு, 102 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திப் பார்த்தோம். நீர் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் தளர்ந்த மூடியின் வழியாக எவ்வளவு ஈரம் வெளியேறியது என்று எங்களால் உறுதி கூற முடியவில்லை. தரமானது என்று எழுதினாலும் பொய்யாகலாம், தரமற்றது என்று எழுதினாலும் பொய்யாகலாம் என்ற நிலையில், மாதிரி சோதனைக்குத் தகுதியற்றது என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். ஒரு மூடி சரியாகத் திருகப்படாததால் ஓர் ஆய்வு முழுவதும் வீணானது.

இன்னொரு மாதிரி இதற்கு நேர்மாறு. முத்திரை உடையாமல், குளிர்ச்சி குறையாமல் வந்தது. மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் நீர் 18 சதவீதத்துக்கு மேல். அறிக்கையை உரிய கெடுவுக்குள் ஒப்பமிட்டு அனுப்பினோம். அதன் பிறகு அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. அலுவலர்கள் தொழிற்சாலைக் கிடங்குக்குப் போனபோது அந்த பேட்ச் எண்ணுள்ள பெட்டி ஒன்றுகூட அங்கே இல்லை. ஓராண்டு கழிந்து அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகை அரசுக் கருவூலத்துக்குப் போனது. அந்த வெண்ணெயைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் ஒருவருக்கும் தாம் ஏமாற்றப்பட்டது தெரியாமலே போயிற்று. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதுவது என் நோக்கமன்று. அந்த அறிக்கையில் இருந்தது என் கையொப்பம். அதனால் யாருக்கும் ஒரு பயனும் விளையவில்லை என்ற வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1906-இல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டத்தின்கீழ் பால் கொழுப்பு குறைந்த வெண்ணெய்ப் பெட்டிகள் சரக்காக இருக்கும்போதே நீதிமன்ற ஆணையின் பேரில் கைப்பற்றப்பட்டன. பல வழக்குகளில் உரிமையாளர் பிணைத்தொகை கட்டி, அந்த வெண்ணெயை 80 சதவீதக் கொழுப்பு வரும்வரை மீண்டும் கடைந்து சரிசெய்து தருவதாக உறுதியளித்த பிறகே சரக்கு விடுவிக்கப்பட்டது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. நல்ல உணவுப் பொருள் குப்பைக்குப் போகவில்லை. குறையுள்ள பொருள் வீட்டுக்கும் போகவில்லை. சரிசெய்யும் செலவும் காத்திருந்த நாள்களின் நட்டமும் தவறு செய்தவர் தலையிலேயே விழுந்தன. அதே சட்டம், தீர்ப்புக்குப் பிறகு வழக்கின் விவரம் பொதுமக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பெயரும் ஊரும் குறையின் அளவும் அச்சில் வந்தன. அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும் நிறுவனம்கூட, தன் பெயர் இப்படி அச்சேறுவதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாது.

பிரிட்டனின் அனுபவம் வேறொரு பாடம். 1902-இல் 16 சதவீத வரம்பு வந்ததும், வெண்ணெயோடு பாலைச் சேர்த்துப் பிசைந்து, கூடுதல் ஈரத்துடன் வேறு பெயர்களில் விற்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. 1907-இல் வந்த சட்டம் அந்தப் பண்டத்துக்கும் தனி வரம்பும் பெயர்க் கட்டுப்பாடும் விதித்ததோடு, வெண்ணெய்யைக் கலந்தும் மறுபடி பிசைந்தும் விற்கும் தொழிற்சாலைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அலுவலர்கள் உள்ளே சென்று பார்க்கலாம் என்றும் ஆக்கியது. கடை அலமாரியில் பொட்டலத்தைப் பிடிப்பதைவிட, வெண்ணெய் கடையும் இயந்திரத்தின் அருகில் நின்று பிடிப்பதே பயன் தரும் என்பதை அவர்கள் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள்.

சில்லறைக் கடைக்காரரிடம் மாதிரி எடுப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முத்திரை உடையாத பொட்டலத்தை வாங்கி அப்படியே விற்றவர், உள்ளே நீர் 16-ஆ 19-ஆ என்று எப்படி அறிவார்? எண்ணிக்கைக்காகக் கடைகளில் மாதிரி எடுத்துக் கணக்குக் காட்டும் பழக்கம் இருக்கும்வரை, வழக்குகள் பெருகும், வெண்ணெய் மாறாது. அதேபோல் மிகச் சிறிய அளவில் கையால் கடைந்து விற்பவர்களுக்கு நீரளவு சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அவர்களுக்கு முதலில் திருத்த அறிவிப்பும் செய்முறைப் பயிற்சியும் கொடுத்துவிட்டு, பிறகே தண்டனையைப் பற்றிப் பேசுவது முறை. வேறு கொழுப்பைக் கலந்தவருக்கு இந்தச் சலுகை யாராயினும் கூடாது.

அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் நான் கேட்பவை நடைமுறைக்கு எட்டாதவை அல்ல. அதிக அளவில் வெண்ணெய் தயாரிக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வொரு பேட்சின் நீரளவையும் கொழுப்பளவையும் பதிவேட்டில் எழுதி வைக்கவும், ஆய்வுக்கு வரும் அலுவலர் அதைத் தம் சோதனை முடிவோடு ஒப்பிடவும் கட்டாயமாக்க வேண்டும். நீரளவைத் தொழிற்சாலையிலேயே ஒரு மணி நேரத்துக்குள் தோராயமாகப் பார்த்துவிடலாம்; ஐயத்துக்கிடமான பேட்ச், கூடத்தின் இறுதி முடிவு வரும்வரை கிடங்கை விட்டு வெளியேறாதபடி நிறுத்தி வைக்கப்பட வேண்டும். முடிவு தரமானது என்று வந்தால் நிறுவனத்துக்குத் தாமதத்தால் நட்டம் வரக்கூடாது என்பதற்காக, நிறுத்திய நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் அறிக்கை வரவேண்டும் என்ற கெடு கூடத்துக்கு மட்டுமல்லாமல், அறிக்கைக்குப் பின் கோப்பு கடக்கும் ஒவ்வொரு மேசைக்கும் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வேறொரு கூடத்தில் மறுசோதனை கேட்கும் உரிமை முழுமையாகக் காக்கப்பட வேண்டும். அதற்காக ஒதுக்கப்படும் மாதிரிப் பகுதியும் குளிர்பெட்டியில், மூடி இறுகத் திருகப்பட்டு இருக்க வேண்டும். அறிக்கையில் தரம் குறைந்தது என்று மட்டும் எழுதாமல், நீர் மிகுந்ததா, கொழுப்பு குறைந்ததா, பிற கொழுப்பு கலந்ததா என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். முடிவான வழக்குகளில் நிறுவனத்தின் பெயர், பேட்ச் எண், குறையின் அளவு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் துறை வெளியிட வேண்டும்.

அப்படி ஒரு பட்டியல் வெளிவரத் தொடங்கினால், தங்கள் நாளிதழ் அதற்கு உள்பக்கத்து நான்கு வரிக்குப் பதிலாக ஒரு முழுப் பத்தி ஒதுக்க வேண்டும் என்று தங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உணவுப் பகுப்பாய்வாளர்